கெட்ட சேதி உங்களிடம் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். ஐந்து மாதமாக லைன் சூப்பர்வைசர். லைனில் 38 பேர், எல்லாம் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. பாதிப் பேர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்காமார், பத்துப் பன்னிரண்டு பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். நான் யாரையும் திட்டுவதில்லை. எங்கே பீஸ் தேங்குகிறதோ அங்கே நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிடுவேன். போன மாதம் எல் சைஸ் பண்டிலில் (வெட்டிய துணிக்கட்டு) எம் சைஸ் லேபிள் ஏறிவிட்டது, 640 பீஸ். ஆர்டர் கொடுத்த பையரின் க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர், வந்து பிடித்தபோதுதான் எனக்கே தெரியும். ஆனால் லேபிள் வைத்த அக்காவுக்குக் காலை பதினொரு மணிக்கே தெரிந்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேனேஜர், “உன்னைப் பார்த்தா யாருக்கும் பயமே இல்லை, முன்னாடி இருந்தவர் மாதிரி சத்தம் போடு” என்கிறார். முன்னாடி இருந்த அந்த சூப்பர்வைசர் சத்தம் போட்டால் பக்கத்து லைன் வரைக்கும் கேட்கும். நல்ல தலைமை என்றால் அதுதானா சார்? எனக்கு இந்த வேலை சரிப்படுமா, இல்லை மெஷினுக்கே போய்விடவா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மிணி. மெஷினுக்குப் போக வேண்டாம், தீபாவளி போனஸ் வாங்கும் வரைக்குமாவது. ஐந்து மாதத்தில் சூப்பர்வைசர் வேலை யாருக்கும் பிடிபட்டதில்லை. எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த கூத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் “யாரும் என்னிடம் சொல்லவில்லை” என்ற வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மேனேஜருக்கு அது பயம் இல்லாத குறையாகத் தெரிகிறது. உங்களுக்கு, இவ்வளவு பாசமாக இருந்தும் இப்படிச் செய்துவிட்டார்களே என்று மனசு வலிக்கிறது. எனக்கு இரண்டுமே படவில்லை. 26 வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இப்போது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கம்பெனிக்குள் போனால் நான் முதலில் விசாரிப்பது ஒன்றுதான்: லைனில் ஏதாவது தப்பு நடந்தால் அது சூப்பர்வைசர் காதுக்கு எத்தனை மணிக்கு வருகிறது? பத்து நிமிடத்தில் வந்தால் அந்த ஆள் நல்ல சூப்பர்வைசர், அவர் சத்தம் போடுகிறவரா சாதுவா என்பதெல்லாம் அப்புறம். உங்களுக்குப் பதினொரு மணி விஷயம் பையர் ஆள் வந்துதான் தெரிந்திருக்கிறது.

நிட்டிங் யூனிட்டுக்குள் போகிற வாய்ப்பு கிடைத்தால் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மேலே வரிசையாகக் கோன்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் இறங்கி மெஷினுக்குள் போகும். அத்தனையில் ஒரே ஒரு நூல் அறுந்தால் போதும், மெஷின் தானாக நின்றுவிடும், எந்த இடத்தில் அறுந்ததோ அங்கே ஒரு குட்டி விளக்கு எரியும். ஆபரேட்டர் வருவார், விளக்கைப் பார்ப்பார், நூலை முடிந்துவிட்டுப் போய்விடுவார். மெஷினை யாரும் திட்டுவதில்லை. நிற்காமல் ஓடியிருந்தால் துணி முழுக்க ஓட்டையோடு சாயப்பட்டறைக்குப் போய், கட்டிங் டேபிளில் விரித்த பிறகுதான் தெரியும், அதற்குள் துணி, சாயம், கூலி எல்லாம் போயிருக்கும்.

நூல் அறுந்தால் தானே நிற்கிற இந்த யோசனைக்கு ஒரு கதை உண்டு, நம் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். தறி செய்வதே அவர் வாழ்க்கை. 1924ல் அவர் கொண்டுவந்த தானியங்கித் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் முன்னால் ஒரு ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போனது, ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. அவர் மகன் ஆரம்பித்ததுதான் டொயோட்டா கார் கம்பெனி. தறியில் இருந்த அதே யோசனையை அங்கே மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். கார் நகர்ந்து போகிற லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு. வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தாலும், ஏதாவது சரியில்லை என்று பட்டால் கயிற்றை இழுக்கலாம், இழுக்க வேண்டும். விளக்கு எரியும், அந்தக் குழுவின் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட கோட்டைக் கார் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

எல்லோரும் அந்தக் கயிற்றைத்தான் சிலாகித்துப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இழுத்ததும் ஓடி வர ஒரு ஆள் இருக்கிறாரே, அது. கையில் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் காலோடு தயாராக நிற்கிற ஆள். இங்கேதான் உங்கள் தப்பு, நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பீஸ் தேங்குகிற இடத்தில் நீங்களே உட்கார்ந்து தைக்கிறீர்கள். கை வேகம் இருக்கிறது, தைத்துப் பழகியது, தைக்கும்போது மனசுக்கு நிம்மதியாகவும் இருக்கும், நாலு அக்காமார் “எங்க பொண்ணு சூப்பர்வைசர் ஆனாலும் பழசை மறக்கல” என்று சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் நீங்கள் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் 38 பேருக்கு சூப்பர்வைசரே கிடையாது. லேபிள் வைத்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார், உங்கள் முதுகு தெரிந்திருக்கும். ஒருவர் திடீரென்று எழுந்து போய்விட்டால் பத்து நிமிடம் உட்காருங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேங்குகிற இடத்துக்கு ஆள் மாற்றிப் போடுவதுதான் உங்கள் வேலை. மற்ற நேரமெல்லாம் நடங்கள். லேபிள் மாறுகிற பண்டில், ஷேட் மாறுகிற பண்டில், புது ஸ்டைல் ஏறுகிற முதல் ஒரு மணி நேரம், இந்த இடங்களில் கண்டிப்பாக நீங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இனி என் கதை. நான் சூப்பர்வைசராகி எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, ஒரு கம்பெனியில் குழந்தைகள் உடுப்பு ஆர்டர். ஊசி உடைந்தால் என்ன நடைமுறை என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி, சேர்த்து வைத்து முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்த பண்டில் முழுவதையும் தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த மாதம் என் லைனில் ஊசி நிறைய உடைந்தது, மேலே இருந்தவர் என்னைக் காய்ச்சினார், நான் வந்து லைனைக் காய்ச்சினேன். ஊசி கேட்டு வந்த ஒரு பையனை 40 பேர் முன்னால் நிற்க வைத்து, “உங்கப்பன் வீட்டுக் காசா?” என்று கேட்டேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அடுத்த வாரத்திலிருந்து ஊசி உடைவது பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை, பார்த்தீர்களா சத்தம் போட்டால் எல்லாம் சரியாகும் என்று. மூன்றாவது வாரம் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு குட்டிச் சட்டையின் கைமடிப்புக்குள் அரிசி நுனி அளவு ஊசித்துண்டு. விசாரித்தால், டெய்லர்கள் கடையில் சொந்தக் காசு போட்டு ஊசி வாங்கி மணிபர்ஸில் வைத்திருந்திருக்கிறார்கள். உடைந்தால் சத்தமில்லாமல் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், கிடைத்த துண்டைக் குப்பையில் போடுவார்கள், கிடைக்காத துண்டு கிடைக்காததுதான். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கட்டிய பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பீஸாக மறுபடி ஓட்டினோம். ரெஜிஸ்டரைக் குறைத்தது என் சத்தம், ஊசி எப்போதும் போல உடைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அதனால்தான் உங்கள் பழைய சூப்பர்வைசரை மேனேஜர் உதாரணம் காட்டும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் காலத்து ப்ரொடக்‌ஷன் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பி வந்த பீஸ்) எவ்வளவு, எத்தனை ஷிப்மென்ட்டில் பீஸ் குறைந்தது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். 2006ல் அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனிக்கு ஆலன் முலாலி என்று ஒருவர் தலைமைக்கு வந்தார், விமானம் செய்கிற போயிங்கிலிருந்து வந்தவர். அந்த வருடம் கம்பெனிக்கு நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேலே. வாராவாரம் மீட்டிங், ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலை நல்லபடியாகப் போனால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், பிரச்சினை என்றால் சிவப்பு என்று காட்ட வேண்டும். வாரக்கணக்காக எல்லாம் பச்சை. அத்தனை நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியில் எல்லாமே பச்சை! ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, புது மாடல் வண்டி ஒன்றில் கோளாறு இருக்கிறது, வெளியே விடுவதை நிறுத்திவைத்திருக்கிறேன் என்று சிவப்பைக் காட்டினார். அறையே அமைதியாகிவிட்டதாம், ஆள் இன்றோடு காலி என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். முலாலி கைதட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களிடமிருந்தும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன.

உங்களைக் கைதட்டச் சொல்லவில்லை, லைனில் நின்று கைதட்டினால் சிரிப்பார்கள். ஆனால் கெட்ட சேதி வந்த அந்த முதல் நிமிடத்தில் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பக்கத்து மெஷின்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் திட்டாத ஆள், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் திட்டாதவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு “என்னக்கா, நீங்களே இப்படிப் பண்ணலாமா” என்று சொல்வது. அது திட்டைவிட மோசம். அந்த அக்கா இரண்டு நாள் சாப்பிடமாட்டார், அடுத்த தடவை சொல்லவும் மாட்டார். “நல்ல வேளை இப்பவே சொன்னீங்க, வாங்க பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அந்த இடத்துக்குப் போங்கள், பண்டிலைத் தனியாக எடுத்து வையுங்கள். யார் வைத்தது என்று கேட்காமல் எப்படி மாறியது என்று கேளுங்கள். லேபிள் பாக்கெட் ஒரே நிறத்தில் இருந்ததா, எம்மும் எல்லும் ஒரே டிரேயில் கொட்டப்பட்டிருந்ததா, பண்டில் சீட்டில் எழுத்து மங்கலா? முக்கால்வாசி இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பேச்சு, நடத்தை. ஆனால் உங்கள் லைன் பீஸ் ரேட் என்கிறீர்கள், அங்கே இனிமையாகப் பேசுவது பாதி தூரம்தான் போகும். அந்த அக்காவின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். பதினொரு மணிக்குத் தப்பு தெரிகிறது. சொன்னால் தைத்ததைப் பிரிக்க வேண்டும், பிரிக்கிற நேரத்துக்குக் காசு கிடையாது, தனக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் பீஸ் போகாது, அவர்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சனிக்கிழமை சம்பளத்தில் எல்லோருக்கும் அடி, எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள். சொல்லாவிட்டால்? ஒருவேளை யாரும் கவனிக்காமல் போனாலும் போய்விடும். நான் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை, நீங்கள் டெய்லராக இருந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கமாட்டீர்களா? சேதி சொல்கிறவருக்கு நஷ்டம் என்று சம்பளமே சொல்லும்போது நீங்கள் என்ன சிரித்த முகமாக இருந்து என்ன பண்ண. அதனால் மேனேஜரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: தப்பை டெய்லரே வந்து சொல்லி லைன் நின்றால், அந்த நேரத்துக்கு ஷிப்ட் கூலிக் கணக்கில், அதாவது பீஸ் எண்ணாமல் நேரத்துக்கு, ஏதாவது போட முடியுமா? உடனே முடியாது என்பார். 640 பீஸ் பிரித்து மாற்ற எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதினொரு மணிக்கு நிறுத்தியிருந்தால் எத்தனை பீஸ் பிரித்திருப்போம் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். மேனேஜர்கள் கண்ணீருக்கு மசிய மாட்டார்கள், கணக்குக்கு மசிவார்கள், உடனே இல்லாவிட்டாலும் இரண்டாவது தடவையில்.

ஒடிசா, பீகார் பிள்ளைகள் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. “புரிஞ்சுதா?” என்றால் தலையை ஆட்டுவார்கள், நாமும் வேறு ஊருக்குப் போனால் அதைத்தான் செய்வோம். கேட்காதீர்கள், முதல் பீஸைத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களில் தமிழ் கொஞ்சம் வந்த ஒரு பையன் இருப்பான், எல்லாரும் அவனையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு அவன் பீஸைக் கெடுப்பார்கள். அவனுக்கு அந்த நேரத்தைக் கணக்கில் கொடுங்கள்.

அப்போ கண்டிப்பே வேண்டாமா என்றால், வேண்டும், நிறைய வேண்டும். தப்பு செய்தவரிடம் இல்லை, மறைத்தவரிடம். ஆனால் அதற்கு முன்னால் நாலு பேர் சொல்லி, நாலு பேரும் உதை வாங்காமல் போயிருக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஒருவர் மறைத்தால் விடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, சுருக்கமாக, உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்காவாகவே இருந்தாலும். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம், மேடம் போல நடக்கச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் காதில் வாங்காதீர்கள். “அக்கா, இது தெரிஞ்சே பண்ணது, இன்னொரு தடவைன்னா நான் எழுதித்தான் கொடுப்பேன்” என்று அக்கா போட்டே சொல்லலாம். அப்புறம் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது.

இன்னொன்று, பையர் ஆள் பிடித்தபோது மேனேஜர் கேட்டிருப்பாரே, யார் தைத்தது என்று? நீங்கள் அந்த அக்காவின் பெயரைச் சொன்னீர்களா, இல்லை என் லைனில் நடந்தது என்றீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி எஸ்எல்வி-3 ராக்கெட் முதல்முறை ஏவப்பட்டு வங்கக் கடலில் விழுந்தது. அப்துல் கலாம்தான் திட்ட இயக்குநர். கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும், கூட இருந்த நிபுணர்களை நம்பி ஏவ முடிவெடுத்தது தான்தான் என்று கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருடம் ஜூலை 18, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. அன்றைக்குப் பேச தவான் கலாமை அனுப்பினார். வாட்ஸ்அப்பில் இந்தக் கதை உங்களுக்கும் பத்துத் தடவை வந்திருக்கும். அதில் வராத பாதி ஒன்று இருக்கிறது. வெளியே தவான் பழியை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக உள்ளே யாரும் பூசி மெழுகவில்லை, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது எப்படி, எந்த வால்வில் என்று நோண்டி நோண்டிப் பார்த்தார்கள். வெளியே தாங்குவதும் உள்ளே நோண்டுவதும் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது, வெளியாள் முன்னால் பெயரைச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து “சரி விடு, ஆனது ஆச்சு” என்று விட்டுவிடுகிறோம்.

நீங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் கவலைப்படாதீர்கள், ஐந்து மாதத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், நான் பெயரோடு சேர்த்து அப்பன் பெயரையும் இழுத்தவன். ஆனால் லைனுக்கு அது தெரிந்திருக்கும், அதனால் கொஞ்ச நாள் உங்களிடம் இன்னும் குறைவாகத்தான் சேதி வரும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். டீ டைமில் அந்த அக்கா பக்கத்தில் போய் உட்காருங்கள், மற்றவர்கள் இல்லாதபோது. விசாரணை மாதிரி இல்லாமல், “அக்கா, அன்னைக்குப் பதினோரு மணிக்கு நான் நடந்துட்டு இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?” என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். “நீ தச்சிட்டு இருந்த கண்ணு, எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்” என்று சொன்னால் நான் மேலே எழுதியதில் பாதி சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். “சொன்னா யாரு பிரிக்கிறது, எனக்கு யாரு காசு கொடுக்கிறது” என்று சொன்னால் மறுபாதி. மூன்றாவதாக வேறு ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள், அதை நான் யோசித்திருக்கவில்லை.